பாட்டு பிடிக்காது, பையனைப் பிடிக்கும்

ராப் பாடகன் சோல்ஜா பாயின் ‘கிராங்க் தட்’ பாட்டை முதலில் கேட்டபோது, ‘இதெல்லாம் ஒரு பாட்டா?’ என்றுதான் தோன்றியது. ஸ்டீல் டிரம் ஒலி, விரல் சொடுக்கு, திரும்பத் திரும்ப அதே வரி. அமெரிக்க ராப் உலகின் மூத்தவர் ஐஸ்-டியே, ஹிப்-ஹாப்பைக் கெடுத்துவிட்டான் என்று அந்தப் பையனை 2008இல் வெளுத்து வாங்கினார்.

ஆனால், சோல்ஜா பாய் யார் வீட்டு வாசலிலும் காத்துக் கிடக்கவில்லை. கம்ப்யூட்டரில் தானே மெட்டுப் போட்டான். மைஸ்பேஸ் இணையதளத்தில் ஏற்றினான். சூப்பர்மேன் பறப்பதுபோல் கைநீட்டிச் சாயும் ஆட்டத்தைப் படிப்படியாகச் சொல்லித்தந்து யூடியூபில் போட்டான். பார்த்த பிள்ளைகள் தாங்களும் ஆடிப் படம்பிடித்துப் போட்டார்கள். இசை நிறுவனம் அதன்பிறகுதான் வந்தது. 2007இல், 17 வயதில், அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் 7 வாரம் முதலிடம்!

இன்றைக்கு ரீல்ஸில் பாட்டை ஓடவைக்கப் பெரிய நிறுவனங்கள் பாடுபட்டுச் செய்வதை, அவன் அன்றே தனியாளாய்ச் செய்து காட்டிவிட்டான். பாட்டு இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனாலென்ன? ரசனைக்கு ஒத்துவராதவனிடமும் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். முகம் சுளித்துக்கொண்டாவது கற்றுக்கொள்ளுங்கள்.