செஞ்சோற்றுக் கடனும் கடற்போர் வரலாறும்

நிலப்போர் நடந்த களத்தில் இடிந்த மதிலும், குண்டு துளைத்த மரமும், புதைகுழிகளும் எஞ்சி நிற்கும். கடற்போர் நடந்த இடத்தைத் தேடிச் செல்பவனுக்கு அங்கே காண்பதற்கு ஒன்றுமில்லை. கடல் தன்மேல் நிகழ்ந்த அனைத்தையும் அன்று மாலைக்குள்ளேயே துடைத்துவிடும். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தான் கரைக்கு அப்பால் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பெரும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. 840 பேர் மாண்டனர். மறுநாள் அவ்வழியே சென்ற மீனவன் எவனேனும் இருந்திருப்பின், அவன் கண்டது எண்ணெய்ப் படலமாகவே இருந்திருக்கும். ஆதலால் கடற்போரின் வரலாறு ஏட்டிலேயே வாழ்கிறது. கப்பலின் நாட்குறிப்பேடு, கம்பியில்லாத் தந்திச் செய்தி, தளபதியின் அறிக்கை, கோடுகள் இழுத்த கடல் வரைபடம் ஆகிய இவையே அதன் சான்றுகள். இவ்வேடுகளெல்லாம் அரசின் பூட்டுக்குள் இருக்கின்றன. திறவுகோல் வேண்டுமாயின் அவ்வரசிடமே ஊதியம் பெற்றாக வேண்டும். கடற்படைக்கு அரசு நியமிக்கும் வரலாற்றாசிரியர் என்னும் பதவியின் அறச்சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

உண்ட சோற்றுக்கு நன்றி மறவாமை தமிழ் மரபில் பேரறமாகப் போற்றப்படுவது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் பழமொழியைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். கர்ணனும் கும்பகருணனும் செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவர்களாகவே இன்றளவும் பட்டிமன்ற மேடைகளில் வாழ்கின்றனர். இவர்களுள் கும்பகருணன் செய்தது கூர்ந்து நோக்கத்தக்கது. அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே இடித்துரைத்தான். உரைத்த பின்னர் அவனுக்காகவே களம் புகுந்து மடிந்தான். வாய்மைக்கு ஒரு கடன், சோற்றுக்கு ஒரு கடன் என இரண்டையும் தீர்த்தான். வீடணனோ வாய்மையைச் சொல்லிவிட்டுச் சோற்றைத் துறந்து வெளியேறினான். வீரனுக்கு இவ்விரு வழிகளும் உண்டு. ஊதியம் பெற்று வரலாறு எழுதுபவருக்கோ கும்பகருணன் சென்ற வழி அடைபட்டிருக்கிறது. அவர் இடித்துரைக்க வேண்டிய அவையும், அவர் பொருத வேண்டிய களமும் ஒன்றே. அஃது அவர்முன் கிடக்கும் வெள்ளைத்தாள்.

இப்பதவி மேலைநாட்டார் புதிதாகக் கண்டதன்று. முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தினான். இன்றைய கெடாவே அக்கடாரம் என்பர். அவனது மெய்க்கீர்த்தி, கலங்கள் பல கடல் கடந்ததையும், கடாரத்து வேந்தன் யானைகளோடு பிடிபட்டதையும், கைக்கொண்ட செல்வத்தையும், வென்ற ஊர்களையும் வரிசையாகப் பாடுகிறது. எத்தனை கலங்கள் சென்றன? அவற்றுள் எத்தனை திரும்பின? போர் எதன் பொருட்டு எழுந்தது? எத்தனை பேர் மாண்டனர்? இவற்றைப் பற்றி மெய்க்கீர்த்தி வாய் திறக்கவில்லை. அதற்காக அப்புலவனைப் பழிப்பதும் முறையாகாது. அவன் மேற்கொண்ட தொழில் புகழ் பாடுவது. கேட்போரும் அதனைப் புகழுரை என்று அறிந்தே கேட்டனர். வரலாறு என்று பெயரிட்டுப் புகழ் பாடும்போதுதான் பழி வந்து சேர்கிறது.

முதல் உலகப் போரில், 1916ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தொடங்கிய ஜட்லாந்துப் போர் இதற்கொரு தெளிந்த சான்று. பிரிட்டிஷ் தரப்பில் 14 கப்பல்களும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களும் போயின. ஜெர்மானியர் இழந்தவை 11 கப்பல்கள், இரண்டாயிரத்து ஐந்நூற்றுக்குச் சற்று மேற்பட்ட உயிர்கள். ஆயினும் ஜெர்மானியக் கடற்படை துறைமுகத்துக்குத் திரும்பிற்று. கடல் பிரிட்டன் வசமே இருந்தது. வென்றவர் யார் என்னும் வினாவைக் காட்டிலும், முழு வெற்றியைத் தவறவிட்டவர் யார் என்னும் வினாவே அந்நாட்டாரை வருத்திற்று. பெரும்படையின் தலைவர் ஜெல்லிக்கோவா? முன்னே விரைந்து சென்ற கப்பல்களின் தலைவர் பீட்டியா?

1919ஆம் ஆண்டு ஹார்ப்பர் என்னும் கடற்படை அதிகாரியிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் ஜட்லாந்தில் போரிட்டவர் அல்லர். எப்பக்கமும் சாராதவர் என்பதே அவருக்குரிய தகுதி. ஏடுகளில் உள்ளதை நேர வரிசைப்படி எழுதுக, கருத்துரை வேண்டா என்பது கட்டளை. அவ்வாறே எழுதி முடித்தார். அதற்குள் பீட்டியே கடற்படையின் முதன்மைத் தலைவராகிவிட்டார். மாலை ஏழு மணியளவில் அவரது 'லயன்' என்னும் கப்பல் முழு வட்டமாக ஒருமுறை சுற்றிவந்தது என ஹார்ப்பரின் வரைபடம் காட்டிற்று. அவ்வாறு சுற்றவே இல்லை என்றார் பீட்டி. ஆயிரக்கணக்கானோர் மாண்ட போரில் ஒரு வட்டத்துக்கு இத்துணைச் சண்டையா என்று நகைக்கத் தோன்றும். ஆனால் பகைவனைத் துரத்த வேண்டிய நேரத்தில் வட்டமிட்டதாகக் கோடு இழுத்துவிட்டால் ஒருவரது வாழ்நாட் புகழே வளைந்துவிடும் அன்றோ! மாற்றங்கள் கேட்கப்பட்டன; ஹார்ப்பர் எழுத்து மூலமான ஆணை வேண்டும் என்றார்; வெளியீடு தள்ளிக்கொண்டே போயிற்று. ஒருவழியாக 1927ஆம் ஆண்டு அவ்வறிக்கை வெளிவந்தபோது அதில் வரைபடங்கள் இல்லை. அதே ஆண்டில் ஹார்ப்பர் ஓய்வுபெற்றவராகத் தம் பெயரில் வேறொரு நூலை வெளியிட்டார். அதில் பீட்டியைச் சாடும் வேகம் சற்று மிகுந்தே காணப்படுகிறது. பல்லாண்டு அடக்கப்பட்ட நடுநிலை, வெளிப்படும்போது நடுநிலையாகவே வெளிப்படுவதில்லை என்பது இதனால் புலனாகிறது.

அதே போருக்கு அரசின் முழு வரலாற்றை எழுதியவர் ஜூலியன் கார்பெட். வழக்கறிஞர் கல்வி பெற்றவர், நெடுங்கதைகளும் எழுதியவர், சீருடை அணியாத அறிஞர். ஜட்லாந்தை விவரிக்கும் மூன்றாம் தொகுதி 1923ஆம் ஆண்டு வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை. நூலின் முகப்பில் கடற்படை ஆட்சிக்குழு ஒரு குறிப்பை அச்சிட்டது. ஆவணங்களைப் பார்க்க அனுமதித்தோம். எனினும் போரை நாடிச் சென்று முடிவுகாணும் கொள்கையைக் குறைத்து மதிப்பிடும் இந்நூலின் போக்கு எங்கள் கருத்துக்கு நேர்மாறானது என்பது அதன் சாரம். இறந்த ஆசிரியரின் நூல்மீது எழுதப்பட்ட இக்குறிப்பு பண்பற்றது என்பாருளர். ஒருவகையில் இதுவே நேர்மையான முறை எனவும் கொள்ளலாம். அவர்கள் நூலைத் திருத்தவில்லை. தம் மறுப்பைத் தனியே, படிப்போர் அறியுமாறு எழுதினர். ஹார்ப்பருக்கு அந்த நேர்மைகூடக் கிட்டவில்லை.

இரண்டாம் உலகப் போரின் கடல் வரலாற்றை எழுத அமர்ந்தவர் ஸ்டீபன் ராஸ்கில். பீரங்கி அதிகாரியாகப் பணியாற்றிப் பீரங்கி முழக்கத்தாலேயே செவித்திறன் குன்றியவர். அதன் காரணமாக 1948ஆம் ஆண்டு ஓய்வுபெற்று, அடுத்த ஆண்டு வரலாற்றாசிரியராக நியமிக்கப்பட்டார். அவர் குவாந்தான் துயரத்தை எழுத வேண்டிய கட்டம் வந்தது. விமானக் காவல் போதாமல் அவ்விரு கப்பல்களைக் கிழக்கே அனுப்பியது யார் முடிவு? கடற்படைத் தலைவர் பவுண்ட் தயங்கினார். பிரதமர் சர்ச்சில் வற்புறுத்தினார் என்று ஏடுகள் கூறின. ராஸ்கில் முதல் தொகுதியை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் சர்ச்சில் மீண்டும் பிரதமராக அமர்ந்திருந்தார். அதுமட்டுமன்று, அவரும் அதே போரின் வரலாற்றைத் தம் நூலாக எழுதி வந்தார். வழக்கின் ஒரு கட்சிக்காரரே நீதிபதிக்குச் சம்பளமும் அளித்துத் தாமே ஒரு தீர்ப்பையும் எழுதினால் எப்படியோ, அப்படி!

சர்ச்சிலிடமிருந்து மறுப்பு வந்தது. சொற்கள் சில மென்மையாயின, பொருள் நிலைத்தது. 1954ஆம் ஆண்டு வெளிவந்த அத்தொகுதியைப் படிப்பவர், கடற்படைத் தலைமை வேறொரு திட்டத்தையே விரும்பியது என்பதை அறிந்துகொள்ள இயலும். கூற்றுகளுக்கும் கருத்துகளுக்கும் ஆசிரியரும் பதிப்பாசிரியருமே பொறுப்பு என்னும் குறிப்பும் அவ்வரிசை நூல்களில் இடம்பெற்றது. கார்பெட் காலத்துக் குறிப்போடு இதனை ஒப்பிட்டால் முப்பது ஆண்டுகளில் ஏற்பட்ட வளர்ச்சி விளங்கும். ஆயினும் சர்ச்சில் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1977இல், அவரைப் பற்றியும் தளபதிகளைப் பற்றியும் ராஸ்கில் எழுதிய தனி நூலில் ஒலிக்கும் குரல் மேலும் வெளிப்படையானது. ஒருவரே எழுதிய இரு நூல்களுக்கிடையே உள்ள இவ்வேறுபாட்டை அரசு ஊதியத்தின் விலை எனலாமா? ஓரளவு எனலாம். சினமின்றி எழுதுவதற்கு அவ்வூதியமே உதவியது என வாதிடவும் இடமுண்டு.

அவரது நூலில் வேறொரு பெரும் வெற்றிடம் உண்டு. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் மறைமொழிச் செய்திகளைப் பிரிட்டன் போர்க்காலத்தில் நெடுநாள் படித்து வந்தது. வணிகக் கப்பற்கூட்டங்கள் பகைவனுக்கு விலகிச் சென்றதற்கு அதுவே தலையாய காரணங்களுள் ஒன்று. அதனை எழுத எவருக்கும் அனுமதியில்லை. 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் யு-110 என்னும் நீர்மூழ்கி கைப்பற்றப்பட்டதைப் பற்றி 1959இல் தனி நூலே எழுதினார் ராஸ்கில். அதிலிருந்து கிடைத்த மறைமொழிப் பொறியின் கதை அதில் இல்லை. 1974ஆம் ஆண்டில்தான் மறைமொழிச் செய்தி உலகறிய வெளிவந்தது. அதுவரை அவ்வரலாறுகளைப் படித்தவர்கள், காரணம் நீக்கப்பட்ட காரியங்களையே படித்தனர்.

இம்மௌனம் பொய்யாகுமா? குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று வள்ளுவரே இசைவு தருகிறார். நாட்டின் காவல் கருதிக் காத்த மறைபொருளுக்கு அவ்விசைவு பொருந்தும் என்பர். பொருந்தலாம், ஆனால் எத்தனை ஆண்டுக்கு? போர் முடிந்த மறுநாள் நன்மையாக இருந்தது முப்பதாம் ஆண்டிலும் நன்மையாக இருக்கிறதா என்று யார் சோதிப்பது? பாடநூலைக் கையிலேந்தி வகுப்பில் நிற்கும் ஆசிரியரும், இப்போது இதைச் சொல்ல வேண்டா, மாணவன் வளர்ந்தபின் அறிந்துகொள்ளட்டும் என்று சில பக்கங்களைப் புரட்டிவிடுவதுண்டு. அவன் வளர்ந்துவிட்டானா என்று திரும்பிப் பார்ப்பவர் சிலரே. எனினும் ராஸ்கிலின் மௌனத்துக்கு ஒரு சமாதானம் உண்டு. அது யார் மீதும் பழி சுமத்தவில்லை. மறைமொழி அவிழ்த்தவர்களுக்குரிய புகழ் காலந்தாழ்ந்தது. ஆனால் வேறெவரும் குற்றவாளியாகவில்லை.

பழி சுமத்தும் ஒரு வரி அத்தகையதன்று. அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றை 1947 முதல் 1962 வரை பதினைந்து தொகுதிகளாக எழுதியவர் சாமுவேல் எலியட் மாரிசன். ஹார்வர்டு பேராசிரியர், கொலம்பசின் வழியைப் பாய்மரக் கப்பலிலேயே தொடர்ந்து சென்று பார்த்தவர், 1942இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் இசைவுடன் கடற்படையில் சேர்ந்து, போர்க்கப்பல்களில் ஏறிக் கண்ணால் கண்டும் எழுதியவர். தளபதிகளுக்கு அஞ்சியவர் அல்லர். லெய்தே வளைகுடாப் போரில் ஹால்சி செய்த முடிவைக் கண்டித்து எழுதி அவரது கடுஞ்சினத்துக்கு ஆளானார். ஆட்சியாளருக்கு அஞ்சாமையே இப்பதவியின் உரைகல் எனில், மாரிசன் தேறியவர்.

அத்தகையவரே சாவோத் தீவுப் போரை எழுதினார். 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் இரவு, ஜப்பானியக் கப்பல்கள் எதிர்பாராது தாக்கியதில் மூன்று அமெரிக்கக் குரூசர் கப்பல்களும் ஓர் ஆஸ்திரேலியக் குரூசரும் அழிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று காலையிலேயே ஆஸ்திரேலிய ஹட்சன் விமானமொன்று அப்பகைக் கப்பல்களைக் கண்டிருந்தது. கண்ட விமானி உடனே ரேடியோவில் சொல்லாமல், சுற்றுக்காவலை முடித்து, தளம் திரும்பித் தேநீரும் அருந்திய பிறகே செய்தி கொடுத்தார் என 1949இல் வெளிவந்த ஐந்தாம் தொகுதி கூறிற்று. வானிலிருந்தே செய்தி அனுப்ப முயன்றோம், மறுமொழிதான் வரவில்லை என்றனர் விமானக் குழுவினர். அச்செய்தியை ஜப்பானியக் கப்பலே செவிமடுத்துக் குறித்து வைத்திருந்தது என்பதும் பின்னர் வெளிப்பட்டது.

ஹால்சியின் மறுப்பு ஏடுகளில் ஏறிற்று. சர்ச்சிலுக்கும் பீட்டிக்கும் சொல்ல இடமிருந்தது. அவர்கள் சினந்தபோது ஆவணங்கள் மீண்டும் புரட்டப்பட்டன. வலியவரைப் பற்றிய வரிகள் இவ்வாறு பலமுறை சலிக்கப்பட்டே அச்சேறுகின்றன. ஒரு சிறு விமானத்தில் பறந்த நால்வரைப் பற்றிய வரியைச் சலிக்க யார் வருவார்? மாரிசனை எவரும் அச்சுறுத்தவில்லை. எவரும் விலைக்கு வாங்கவுமில்லை. பெருந்தோல்விக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கையெட்டும் இடத்தில் ஒரு கதை கிடைத்தது. கதையில் தேநீர்க் கோப்பை சுவையாகவும் இருந்தது. ஆவணப் பூட்டின் திறவுகோல் அவர் கையில் இருந்தமையால், படித்தோர் அதனை ஐயமின்றி ஏற்றனர். பிற நூல்களும் அதையே எடுத்தெழுதின.

அந்த விமானக் குழுவில் உயிரோடு எஞ்சியிருந்த ஒருவர் பல்லாண்டு எழுதி எழுதி முறையிட்டார். 2014ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றுத் துறை, மாரிசனின் கண்டனம் தகாதது என்று அவருக்குக் கடிதம் எழுதிற்று. அந்நூல் வெளிவந்து அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றிருந்தன. மாரிசனும் மறைந்திருந்தார், குழுவின் மற்றவர்களும் மறைந்திருந்தனர். ஐந்தாம் தொகுதியின் பழைய பதிப்புகள் நூலக அடுக்குகளில் அப்படியே உள்ளன. அக்கடிதத்தைப் படித்தவர் எத்தனை பேர், அத்தொகுதியைப் படித்தவர் எத்தனை பேர்?