சாட்சி சொல்லும் பெட்டி

"நேற்று ராத்திரி பூராவும் எங்கள் ஊரில் கரண்ட் இல்லை, ஐயா" என்கிறார் ஒரு கிராமத்தார்.

"இருந்திருக்கிறதே! ரிஜிஸ்தரில் அப்படித்தானே எழுதியிருக்கிறது?" என்கிறார் உத்தியோகஸ்தர்.

இந்த இரண்டு பேரில் யாரை நம்புவது? கதை எழுதுகிறவனான எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. இருட்டில் கொசுக்கடியோடு புரண்டவனுக்குத் தெரியாத விஷயம் காகிதத்துக்கு எப்படித் தெரியும்? ஆனால் உலகம் கதை எழுதுகிறவர்களின் யோசனையைக் கேட்டு நடப்பதில்லை. அது ரிஜிஸ்தரைத்தான் நம்புகிறது.

வேடிக்கை என்னவென்றால், ரிஜிஸ்தரும் பொய் சொல்லவில்லை. துணை மின் நிலையத்திலிருந்து பல கிராமங்களுக்குக் கிளம்பும் 11,000 வோல்ட் கம்பிக்கு ஃபீடர் என்று பெயர். மின்தடைக் கணக்கை நம் நாட்டில் வெகு காலமாகப் பெரும்பாலும் அந்த ஃபீடர் கிளம்புகிற இடத்தில்தான் எடுத்து வந்திருக்கிறார்கள். கிராமத்து டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போனாலும், அதைத் தாண்டித் தெருவுக்குப் போகும் கம்பி அறுந்து விழுந்தாலும், ஃபீடரில் மின்சாரம் ஜம்மென்று ஓடிக் கொண்டிருக்கும். தெரு இருட்டாக இருக்கும். கணக்கு வெளிச்சமாக இருக்கும். இரண்டு பேருமே உண்மை பேசுகிறார்கள். அளக்கிற இடம்தான் வேறு.

2018-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, மணிப்பூரில் லெய்சாங் என்னும் மலைக் கிராமத்துக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தது. அதோடு இந்தியாவின் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் வந்துவிட்டது என்று சர்க்கார் அறிவித்தது. பெரிய சாதனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் 2004-ம் ஆண்டில் வகுத்த இலக்கணப்படி, பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் கட்டடம் போன்ற பொது இடங்களோடு, நூற்றுக்குப் பத்து வீடுகளில் விளக்கு இருந்தால் அது மின்சாரம் பெற்ற கிராமம். மற்றத் தொண்ணூறு வீடுகளின் கதை என்ன? இருக்கிற பத்து வீடுகளிலும் விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது? அந்த இலக்கணத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு சின்னப் பெட்டி வந்தது. புனாவில் 'பிரயாஸ்' என்ற ஸ்தாபனத்தின் மின்சாரப் பிரிவு 2007-ம் ஆண்டில் இந்த வேலையைத் தொடங்கியது. அதிக விலையில்லாத பெட்டி. விருப்பமுள்ள ஒருவர் வீட்டில், சாதாரண பிளக்கில் செருகி வைக்க வேண்டியதுதான். நிமிஷத்துக்கு நிமிஷம் வோல்டேஜ் எவ்வளவு என்று குறித்துக் கொள்ளும். செல்போன் போலவே செய்தியை ஓரிடத்துக்கு அனுப்பிவிடும். அந்தக் கணக்கைப் பூட்டி வைக்காமல் யாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். உத்தரப் பிரதேசத்துக் குக்கிராமம் ஒன்றில் சாயங்கால வேளையில் விளக்கு எரிந்ததா என்பதை, ஊர் பேர் தெரியாத ஒருவரும் தம் வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது.

இருந்தது, இல்லை என்பதோடு இந்தப் பெட்டியின் சாட்சியம் முடிந்துவிடுவதில்லை. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 150 வந்தால் என்ன ஆகும்? குண்டு பல்பு நெருப்புக் கங்கு போல் சிவக்கும். மின்விசிறி சுற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும். பம்ப் செட் கிளம்பாமல் உறுமிக் காயில் புகைந்து போகும். "கரண்ட் இருந்ததா, இல்லையா?" என்று கேட்டால், இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். மோட்டாரைப் பறிகொடுத்தவன் அந்த 'இருந்தது' என்ற சொல்லை எப்படிச் சகிப்பான்?

பழைய நாளில் களத்து மேட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நெல் குடியானவன் விளைத்தது; மரக்கால் பண்ணையாருடையது. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று வைத்திருந்த புண்ணியவான்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். குடியானவன் தன் கையிலும் ஒரு மரக்காலை எடுத்துக் கொண்டு களத்துக்கு வருவது போலத்தான் இந்தப் பெட்டி. அந்த வகையில் எனக்கு இதைக் கண்டு மகிழ்ச்சி.

ஆனாலும் மகிழ்ச்சியோடு ஒரு கூச்சமும் சேர்ந்து வருகிறது. ஓர் ஊரே கூடி நின்று சொன்னபோது எடுபடாத வார்த்தை, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி சொன்னதும் எடுபடுகிறதே! மனிதனுடைய சொல்லுக்கு மதிப்பு அவ்வளவுதானா? "அப்படி இல்லை, கண்ணால் கண்டவனும் மிகைப்படுத்துவான், ஒரு மணி நேர இருட்டை மூன்று மணி என்பான்" என்று ஒரு நண்பர் வாதாடினார். நியாயம்தான். புழுக்கத்தில் மணி மெள்ளத்தான் நகரும். ஆனால் பட்டணத்தில் ஒரு பெரிய மனிதர் டெலிபோனில் பேசி, "இங்கே கரண்ட் இல்லை" என்றால், அவரிடம் யாராவது பெட்டியைக் காட்டச் சொல்கிறார்களா? சிலருடைய வார்த்தை தானாகவே நிற்கிறது. சிலருடைய வார்த்தைக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டால் பெட்டிக்கு என்ன தெரியும்? ஊரெல்லாம் இருண்டது என்றே அது எழுதும். வீட்டு ஃபியூஸ் போனாலும் அப்படியே. இத்தனை நாள் நம்பப்படாத மனிதரின் கையில் இப்போது பொய் சொல்லும் சௌகரியமும் வந்துவிடுகிறது! ஆப்பிரிக்காவில் கானா நாட்டு மக்கள் அடிக்கடி அணைந்து எரியும் மின்சாரத்துக்கு 'டும்சோர்' என்று செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். அணை, ஏற்று என்று அர்த்தம். அந்நாட்டின் தலைநகரான ஆக்ராவில் 2018-ம் ஆண்டிலிருந்து இம்மாதிரிப் பெட்டிகளை வைத்த ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அக்கம் பக்கத்துப் பெட்டிகள் பலவும் ஒரே சமயத்தில் இருண்டால்தான் அது மின்தடை. ஒன்று மட்டும் இருண்டால் வீட்டுக்காரர் சமாசாரம். கடைசியில் பெட்டிக்கும் அண்டை வீட்டுச் சாட்சி தேவைப்படுகிறது, பாருங்கள்!

லைன்மேனை மறந்துவிடக் கூடாது. இருட்டுக்கெல்லாம் ஊரார் வசவை வாங்கிக் கட்டிக் கொள்கிறவர் அவர்தான். தினமும் மாலை ஏழுக்குப் போய்ப் பத்துக்கு வருகிற மின்சாரம் அவர் செய்த குற்றமாக இருக்க முடியுமா? அது பெரும்பாலும் மேலிடத்து உத்தரவு. கண்ட நேரத்தில் போய்க் கண்ட நேரத்தில் வருவதுதான் பழுதின் லட்சணம். கணக்கை வரிசையாகப் பார்க்கிற யாருக்கும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும். ஊராருக்காக வந்த பெட்டி, ஊரார் திட்டித் தீர்த்த ஏழைச் சிப்பந்தியையும் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. 2020-ம் ஆண்டில் வெளியான நுகர்வோர் உரிமை விதிகள், விவசாயம் போன்ற சில இனங்கள் நீங்கலாக, இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் தரவேண்டும் என்கின்றன. அந்த விதியைக் கையில் பிடித்துக் கொண்டு யார் மேல் வழக்குப் போடுவது என்பதற்காவது பெட்டியின் கணக்கு உதவும்.

ஒரு குடிசையைக் கற்பனை செய்து கொள்கிறேன். அதில் இருப்பது ஒரே ஒரு பிளக். பெட்டி அதைப் பிடித்துக் கொண்டுவிட்டது. பையனுக்குச் செல்போனில் சார்ஜ் தீர்ந்து போய்விட்டது. ஒயரைத் தூக்கிக் கொண்டு வருகிறான்.

"அதைத் தொடாதேடா!" என்கிறாள் பாட்டி. "அடுத்த வீட்டில் போய்ப் போட்டுக்கொள்."

"அஞ்சு நிமிஷம்தான், பாட்டி. யாருக்குத் தெரியப் போகிறது?"

பாட்டி பதில் சொல்லாமல் பிளக்கை மறைத்துக் கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.