ஞானஸ்நானத்துக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: கல்யாணமான நாளிலிருந்து மனைவியோடு ஞாயிறு பூசைக்குப் போகிறேன். ஞானஸ்நானம் கேட்டதற்குப் பங்குச் சாமியார், "அடுத்த பாஸ்கா வரை மறைக்கல்விக்கு வாருங்கள்" என்கிறார். முழு மனதோடு நம்புகிறவனுக்கு எதற்கு இத்தனை மாதம்?
— வாசகர், ஓமலூர்

பதில்: உங்கள் நம்பிக்கையை அவர் சந்தேகிக்கவில்லை. அது உங்கள் குடும்பத்திலும் தொழிலிலும் உறவிலும் வேர்விட அவகாசம் தருகிறார்.

புனித தேவசகாயத்தை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியான அவர், டச்சுத் தளபதி டி லனாய் வழியாக இயேசுவை அறிந்தார். வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் கேட்டார். கேட்டவுடன் கிடைக்கவில்லை. மறைக்கல்வி கற்று, வரக்கூடிய துன்பங்களையும் எண்ணிப் பார்த்த பிறகே 1745 மே 14 அன்று திருமுழுக்குப் பெற்றார். 1749-ல் கைதானார். 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை அவர் மனம் மாறவில்லை. நிதானமாகக் கற்றுத் தேர்ந்துகொண்ட நம்பிக்கை அது. 2022-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

தொடக்கத் திருச்சபையில் இருந்த இந்தப் படிப்படியான ஆயத்தத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்டெடுத்தது. அதற்கான சடங்குமுறை 1972-ல் வெளியானது. முதலில், மனதில் உள்ள ஐயங்களையெல்லாம் கேட்டுத் தெளியும் காலம். பிறகு கோயில் வாசலில் உங்களை வரவேற்று, நெற்றியில் சிலுவை வரைவார்கள். அன்றிலிருந்தே நீங்கள் திருச்சபைக் குடும்பத்தவர். ஒருவேளை அதன்பின் உயிர் பிரிந்தாலும் கிறிஸ்தவ அடக்கம் உண்டு. ஆகவே, காத்திருக்கும்போது வெளியே நிற்கிறோம் என்று கலங்க வேண்டாம்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறில் உங்கள் பெயர் தேர்ந்துகொள்ளப்பட்டோர் வரிசையில் எழுதப்படும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், லாசர் ஆகியோரின் நற்செய்திகளை வாசித்து உங்களுக்காகச் சபையே மன்றாடும். தாகம், இருள், மரணம் மூன்றிலிருந்தும் இயேசு நம்மை மீட்கிறார் என்பதை அந்த வாரங்களில் மெல்ல உணர்வீர்கள். பாஸ்கா இரவில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒருசேரக் கிடைக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு இதில் வருத்தம். அவருக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் பெறலாமா?

பதில்: வயது வந்தவர் நீங்கள்; முடிவு உங்களுடையது. யாரும் யாரையும் வற்புறுத்தி விசுவாசத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. உங்கள் மனைவிக்காகப் பெறுவதும் போதாது. நீங்களே விரும்ப வேண்டும். ஆனால் தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் கட்டளையும் அதே மறைக்கல்வியில்தான் வருகிறது. மறைக்காதீர்கள். அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் கோபப்பட்டாலும் பொறுமையாகக் கேளுங்கள். அவருக்குச் செய்யும் கடமையில் முன்பைவிட அக்கறை காட்டுங்கள். மகன் தன்னைவிட்டுப் போய்விடவில்லை என்று அவர் கண்டுகொள்ளவும் இந்த மாதங்கள் தேவை.