இடி முழங்கும்போது மலையேறலாமா?



முதுகிலே பையைச் சுமந்து மலையேறுவதில் இன்று நம் இளைஞர் பலருக்கு ஆர்வம் மிகுந்திருக்கிறது. நல்ல ஆர்வமே. கல்முனைக் கரையிலிருந்து புறப்படுவோருக்கு எட்டும் தூரத்தில், அம்பாறைக்கு அப்பால் சியம்பலாண்டுவப் பக்கத்தில், கோவிந்த ஹெல என்னும் பாறைமலை உயர்ந்து நிற்கிறது. வெள்ளையர் இதற்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்று பெயரிட்டனர். பாடசாலை விடுமுறை வருவது சித்திரையில். வறண்ட பிரதேசத்தில் பிற்பகல் இடிமின்னல் மிகுவதும் அதே சித்திரையில்தான்.

வானம் கறுத்து வருவதைக் கண்டும் மேலே செல்பவன் வீரனா? "உயிர் என்னுடையது, கேட்க நீர் யார்?" என்று அவன் சொன்னால் நம் பதில் என்ன?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி சென்றால், மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. மழை தொடங்குமுன்னரே, பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் அது தாக்கக்கூடும். வெறும் பாறையுச்சியில் நிற்பவனே அங்கு உயரமான பொருள். தனிமரத்தின் கீழ் ஒதுங்குவதும் ஆபத்தே. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 3,851 மீற்றர் உயரமான ஹம்ப்ரீஸ் சிகரம் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அங்கே பிற்பகலில் புயல்மழை பெய்யும். ஆதலால் நண்பகலுக்கு முன் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது அங்கு ஏறுவோரின் விதி.

இவ்விதியை அடிவாரத்திலேயே வகுத்துக்கொள்வது ஏன்? உச்சி கண்ணுக்குத் தெரியும்போது ஆசையே நீதிபதியாகி விடுகிறது. "இன்னும் சற்றுத் தூரந்தானே" என்று தீர்ப்பளிக்கிறது. 1996 மே 10ஆம் திகதி எவரெஸ்டில் பலர் திரும்பவேண்டிய நேரம் கடந்தும் ஏறினர். புயல் சூழ்ந்தது, எட்டுப்பேர் மாண்டனர்.

உயிர் என்னுடையது என்பது அரை உண்மை. பின்னால் வரும் தோழன் உன்னை நம்பி வருகிறான். வீட்டிலே தாய் வழிபார்த்திருக்கிறாள். நீ விழுந்தால், உன் முகமே அறியாத ஒருவன் அதே மின்னலின் கீழ் உன்னைத் தூக்கிவர ஏறவேண்டும். அவன் ஏறுவது வீரம். ஓர் உயிர் அவனை அழைக்கிறது. நீ ஏறியதோ ஒரு காட்சிக்காக. மலையும் ஒன்று, மின்னலும் ஒன்று. எதற்காக என்பதிலேயே இரண்டும் வேறுபடுகின்றன.

நம் கடற்றொழிலாளரைப் பாருங்கள். வானம் மாறினால் வலையை விட்டுவிட்டுக்கூடத் தோணியைக் கரைக்குத் திருப்புவார்கள். அவரை எவரும் கோழை என்பதில்லை.

எனவே இளைஞனே, மலைக்குப் போ. ஆனால் புறப்படுமுன் திரும்பும் நேரத்தைத் தோழருக்கும் வீட்டாருக்கும் சொல்லிவிட்டுப் போ. தெளிந்த மனத்தோடு கொடுத்த அந்த வாக்கை, உச்சி பத்தடியில் இருந்தாலும் காப்பாற்று. மலை நாளையும் அங்கேதான் இருக்கும்.