உதயமில்லா நிலத்தில் ஓய்வுநாள்

வழிபாட்டுக்கு நேரம் குறிப்பது சூரியனா, நாளை எண்ணி வரும் மனிதனா என்ற கேள்வி நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர்களில் எழுவதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளியில், சபாத் எனும் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமைச் சூரியன் மறைவதோடு பிறக்கிறது. அந்த மறைவு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறுக்கும் ஏழுக்கும் இடையிலேயே நிகழ்வதால், எசேக்கியேல் ரஹபி 1760இல் எழுப்பிய மணிக்கூண்டுக்கும் வானத்துக்கும் பெரிய பிணக்கு வருவதில்லை.

அண்டார்க்டிகாவில், நிலத்திலிருந்து நீண்டு கடல்மேல் மிதக்கும் பனித்தட்டில், 1983-84இல் இந்தியாவின் மூன்றாம் பயணக்குழு நிறுவிய தட்சிண கங்கோத்ரி நிலையத்தில் நிலைமை வேறாக இருந்தது. முதல் குளிர்காலத்தை அங்கே கழித்த பன்னிருவருக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டவில்லை. சந்தியாவந்தனம், ஐவேளைத் தொழுகை, சபாத் ஆகிய மூன்றுக்குமே அத்தகைய இருளில் அளவுகோல் தொலைந்துவிடுகிறது.

துருவத்தைக் கண்ணால் காணாத யூத அறிஞர்களே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பயணி புறப்பட்ட ஊரின் நேரத்தையே கொள்ள வேண்டும் என்றார் 19ஆம் நூற்றாண்டின் இஸ்ரேல் லிப்ஷிட்ஸ். அதன்படி கொச்சிக்காரரும் நியூயார்க்காரரும் ஒரே குடிலில் வெவ்வேறு நேரத்தில் சபாத்தைத் தொடங்க நேரும். அவருக்கு முந்தைய ஜேக்கப் எம்டனோ, இருபத்துநான்கு மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டு ஏழாவதைக் கைக்கொள்ளச் சொன்னார். இதுவே நேர்மையான விடை எனலாம்; ஏனெனில் இது பாலைவனத்தில் கிழமை மறந்தவனைப் பற்றிய தால்முத் விவாதத்தின் மேல் நிற்கிறது. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான அந்நூலில், படைப்பின் வரிசைப்படி ஆறு நாள் எண்ணி ஏழாவதைக் காக்கச் சொல்கிறார் ஹூனா. முதல் நாளையே காத்துவிட்டு ஆறு எண்ணச் சொல்கிறார் ஹிய்யா, ஆதாம் கண்ட முதல் முழுநாள் சபாத் என்பதால். இவர்களுக்குப் பின் வரும் ராவாவின் கூற்று இன்னும் கூரியது: உண்மையான சபாத் எது என்று தெரியாததால், அவன் எல்லா நாளும் உயிர் தரிக்கத் தேவையான வேலையை மட்டுமே செய்யலாம்; தேர்ந்த நாளிலும் அதைச் செய்யலாம்; அந்நாளை வேறுபடுத்துவன தொடக்கத்தில் சொல்லும் கித்துஷ், முடிவில் சொல்லும் ஹவ்தாலா ஆகிய வாழ்த்துரைகள் மட்டுமே.

ஆக, புனிதம் நாளில் இல்லை, சொல்லில் இருக்கிறது என்று முடிவுகட்டத் தோன்றும். தென்துருவம் நோக்கிச் சென்ற ஸ்காட்டின் குழுவினர் 1911இல் அண்டார்க்டிகாவின் கேப் எவன்ஸ் குடிலில், மாதக்கணக்கில் நீண்ட இருளிலும் ஞாயிறு வழிபாட்டை விடாமல் நடத்தியது அதற்குத் துணைபோகிறது. ஆனால் நாளைத் தானே எண்ணித் தேரும் உரிமை வழி தவறியவனுக்கு மட்டுமே உரியது. சூரியன் கண்முன் இறங்கும் மட்டாஞ்சேரியில் இருப்பவர், எண்ணிக்கை தம்முடையது என்று கூறி வெள்ளியை வியாழனாக்கிக்கொள்ள முடியாது.