எண்ணெய் அவனுக்கு, முழுக்கு எனக்கு

கோயிலில் ஓர் உத்தரணித் தீர்த்தத்துக்குக் கைநீட்டி நிற்கிற சனம் நாம். குழித்த உள்ளங்கையில் விழுவது நாலு சொட்டு. உறிஞ்சியது போக மிஞ்சிய ஈரத்தை உச்சந்தலையில் தடவிக்கொள்வோம். அதற்கே உடம்பு ஒரு தரம் சிலிர்க்கும். அப்படிப் பழகிய தலையின் மேல் ஓர் ஆறே வந்து விழுந்தால்? பொதிகை அடிவாரத்தில் ஆனியும் ஆடியும் அந்தக் காரியத்தைத்தான் செய்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைச் செங்கோட்டைக் கணவாய் வழியே தூவிக்கொண்டு இந்தப் பக்கம் இறங்குகிறது. மிச்சம் என்று பெயர். அதிலேயே எங்கள் அப்பன் இத்தனை அருவிகளை வைத்தான்.

திருநெல்வேலியிலிருந்து காரில் கிளம்பினோம், ஆச்சியும் நானும். வண்டி ஓட்டியவர் எங்கள் தெருக்காரர். அண்ணாச்சி என்றே கூப்பிட்டுப் பழக்கம். முதலில் பாபநாசம், அங்கிருந்து காட்டுக்குள், பிறகு கடையம் வழியாகக் குற்றாலம். பாதை ஆச்சி போட்டது. அவளுக்குச் சுற்றுலா என்கிற பேச்சே ஆகாது. "குளிக்கப் போறோம்" என்பாள், காசிக்குப் போகிறவர்கள் சொல்கிற தொனியில். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஊர் ஒவ்வொன்றாகப் பின்னால் போகப் போக மலை எதிரே வளர்ந்துகொண்டே வந்தது. அம்பாசமுத்திரம் தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். வயல் மேல் வந்த காற்றில் ஈரம் இருந்தது.

"வந்துட்டான்" என்றாள். யார் என்று நானும் கேட்கவில்லை, அண்ணாச்சியும் கேட்கவில்லை.

பாபநாசத்தில் தாமிரபரணி மலையை விட்டுத் தரைக்கு வருகிறாள். நவகைலாயத் தலங்களில் முதலாவது இது. கயிலையில் சிவனுக்குக் கல்யாணம், கூட்டம் தாங்காமல் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது, சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினான் என்கிற கதை தெரியாதவர் யார்? எனக்கு அந்தக் கதையின் பின்பாதிதான் உயிர். உலகமே போய்ப் பார்த்த கல்யாணத்தை, ஏவிய வேலைக்காகப் பார்க்காமல் போனவர் ஒருவர். அவருக்காக மாப்பிள்ளையும் பெண்ணும் அதே மணக்கோலத்தில் இவ்வளவு தூரம் தேடி வந்தார்கள். கருவறைக்குப் பின்னால் பிரகாரத்தில் கல்யாணசுந்தரராக நிற்கிறான். எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் எல்லாம் அடுக்களையில் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு தாலிகட்டைக்கூடக் கண்ணால் பார்க்காதவள் ஆச்சி. அந்தச் சந்நிதியில் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டே நின்ற நேரம் எனக்கு நீளமாக இருந்தது. கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

உலகம்மை சந்நிதிக்கு எதிரே ஓர் உரல் இருக்கிறது. பெண்கள் விரலிமஞ்சளைப் போட்டு இடித்து அம்மன் அபிஷேகத்துக்குக் கொடுக்கிறார்கள். வீட்டில் மாடிப்படி ஏற என் தோளைப் பிடிக்கிறவள், உலக்கையை வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடித்தாள். வேலை செய்து பழகிய கைக்கு வழிபாடும் வேலையாகவே வந்தால்தான் நிறைவு போலும். படித்துறையில் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டுக் காட்டுப் பாதையில் ஏறினோம்.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டவேண்டும். இது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இலிருந்து அந்தப் பெயர். பிளாஸ்டிக் உள்ளே போகக் கூடாது. ஆச்சி வெற்றிலையைச் சுற்றியிருந்த பையை உருவிக் கொடுத்துவிட்டு, இலையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அகத்தியர் அருவி கோடையிலும் வற்றாதது. அன்று தண்ணீர் கனமாக விழுந்தது. அதற்கு மேலே கல்யாண தீர்த்தம், அகத்தியருக்கு மணக்கோலம் காட்டிய இடம் என்பார்கள். கம்பனில் தோய்ந்தவர், சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தியவர், வ.வே.சு. ஐயர். அவர் 1925இல் பாபநாசம் அருவியில்தான் தண்ணீரோடு போனார், விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து. அருவிக்கு முன் நிற்கும்போதெல்லாம் அந்த நினைப்பு எனக்கு வரும். பயம் கலந்தே கும்பிட்டேன். காளியையும் வைரவரையும் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவளுக்குப் பயமும் பக்தியும் ஒரே கூப்பிய கைக்குள் அடங்கும்.

காரையாறு போகிற வழியில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கில் சனம் குடில் கட்டித் தங்குகிற காடு, நாங்கள் போன அன்று ஆளில்லாமல் கிடந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றோரமாக நடந்தோம். நீர்மருத மரங்கள் வேரை ஆற்றில் ஊறப்போட்டபடி நின்றன. மேலே எங்கோ கருமந்தி ஒன்று குரல் கொடுத்தது. சில்வண்டுகள் சட்டென்று நிறுத்தி, சட்டென்று தொடங்கின. கிளைகளுக்கு நடுவே வெயில் விழுந்த இடத்தில் தரையிலிருந்து ஆவி எழும்பியது. சாம்பிராணி போடாமலே அங்கே தூபம் கிளம்பிக்கொண்டிருந்தது. பேசக்கூடத் தோன்றாமல் நடந்தேன். காலடி ஒவ்வொன்றும் பிரதட்சிணம் என்று பட்டது. எதைச் சுற்றுகிறேன் என்று மட்டும் தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சந்நிதியாக இருந்தது.

அங்கே பட்டவராயன் சந்நிதியில் செருப்புக் காணிக்கை. நம் ஊரில் எல்லாக் கோயிலிலும் செருப்பை வெளியே விடவேண்டும். இங்கே செருப்பைத்தான் சாமிக்குக் கொண்டுபோகவேண்டும். பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இருவரைக் கட்டிக்கொண்டு, தானும் செருப்புத் தைத்து, கடைசியில் மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவன் முத்துப்பட்டன். அவன்தான் இந்தப் பட்டவராயன். காணிக்கையாக வைத்த புதுச் செருப்பு அடுத்த வருடம் தேய்ந்திருக்கும், அவன் இரவெல்லாம் காட்டில் நடக்கிறான் என்பது நம்பிக்கை. தொங்கிய செருப்புகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். புராணத்துக் கடவுள்கள் ரிஷபத்திலும் மயிலிலும் போகட்டும். இந்தக் காட்டை முள்ளும் கல்லுமாகக் காலால் அறிந்த சாமி ஒருவன் இருக்கிறான் என்றால், அவன் நடந்த தடத்தில்தானே நானும் இப்போது நடந்து வந்தேன்! மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு கடையம், செல்லம்மாவின் ஊர். பாரதி 1918 முதல் 1920 வரை இருந்த இடம். அங்கே இறங்க நேரமில்லை. தென்காசியில் பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் கோபுரத்தடியில் மட்டும் இறங்கினோம், அந்தக் காற்றுக்காக. வாசலுக்குள் காலை வைத்ததும் சாரல் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. இந்தக் கோயிலைக் காப்பவர்கள் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று கல்வெட்டில் எழுதி வைத்துப் போன ராசா அவன். இப்படியொரு அரசனும் இருந்திருக்கிறானே என்று நினைத்தபோது, காற்று அடங்கினதா நான் அடங்கினேனா தெரியவில்லை.

குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது தூறல். காலையில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்ததால் குளிக்கத் தடை, மதியம்தான் திறந்தார்களாம். முதலில் கோயிலுக்குப் போனோம். சங்கு வடிவத்தில் கட்டிய கோயில் இது. திருமாலாக நின்றவரை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பது தலபுராணம். அழுத்தியதில் சாமிக்குத் தலைவலி. அதனால் மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய தைலம் தினமும் அவன் தலைக்கு. அருவிப் பக்கமே குடியிருப்பதால் சளி பிடிக்குமே என்று சுக்கு, மிளகு, கடுக்காய் சேர்த்த கஷாயமும் நைவேத்தியமாகப் போகிறது. ஆலகாலம் குடித்தவனுக்குக் கடுக்காய்க் கஷாயம்! சிரிப்பு வந்தது, கூடவே தொண்டை அடைத்தது. அண்டமெல்லாம் தாங்குகிறவனுக்குத் தலைவலிக்கும் என்று கவலைப்பட எவ்வளவு அன்பு வேண்டும். அந்தக் கவலையைத் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். குழல்வாய்மொழியம்மையைப் பார்த்தோம், பராசக்தி பீடத்தைக் கும்பிட்டோம். சம்பந்தர் இந்த ஊருக்கு ஒரு பதிகமும், இந்தத் தலத்துக் குறும்பலா மரத்துக்குத் தனியாக ஒரு பதிகமும் பாடினார். மரத்துக்கும் பதிகம் வாங்கிக் கொடுத்த மண்.

வெளியே வரும்போது ஆச்சி சொன்னாள்: "பாத்தியாட்டி, எண்ணெய் தேச்சு உக்காந்திருக்கான். முழுக்கு யாருக்குன்னு நெனைச்ச?"

அவள் காலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவியில் நிற்பார்கள். தேய்த்துவிட ஆட்கள் கரையிலேயே இருப்பார்கள். இப்போது எண்ணெய்க்கும் சோப்புக்கும் அருவியில் தடை. நல்லதுதான், ஆற்றுக்கும் மூச்சு வேண்டாமா. ஆனால் ஆச்சியின் கணக்கு எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் வைத்து, சூடு பறக்கத் தேய்த்து, பிறகு தண்ணீர் மொண்டு ஊற்றுவாளே, அந்த இரண்டு வேலையையும் குற்றாலநாதன் இரண்டு பேருக்குப் பிரித்திருக்கிறான். தலைவலியையும் தைலத்தையும் உள்ளே தான் வைத்துக்கொண்டு, குளிர்ச்சியை வெளியே எங்கள் மேல் கவிழ்த்துவிட்டான்.

பெண்கள் பகுதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தோம். சத்தம் காதுக்குள் போய், காது வேறு சத்தம் வேறு என்பது இல்லாமல் போயிற்று. பேரருவி மேலிருந்து நேரே விழுந்தால் யார் தாங்குவார்கள்? நடுவழியில் பொங்குமாகடல் என்று ஒரு பள்ளம். அதில் விழுந்து, வேகத்தை இழந்து, பொங்கி வழிந்துதான் நம்மிடம் வருகிறது. கங்கையைச் சடையில் வாங்கி, பூமி தாங்குகிற அளவுக்கு மட்டும் விட்டவனுக்கு இந்த மலையிலும் அதே வேலை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அருவி விழும் பாறையில் சிவலிங்கங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் தெரியும். பெருகினால் உள்ளே இருந்துகொள்வார்கள். குடம் தூக்கக் குருக்கள் வேண்டாத அபிஷேகம், நடை சாத்தாத பூசை. நள்ளிரவில், யாருமில்லாத கோடையில், மெல்லிய கீற்றாக விழும் நாளிலும் அபிஷேகம் நடந்துகொண்டே இருக்கிறது. அந்த லிங்கங்களின் மேல் உருண்டு வருகிற தண்ணீருக்கு நேரே நான் தலையைக் கொடுத்தேன்.

அடி! உச்சியில், பிடரியில், தோளில் விழுந்தது. மூச்சை உள்ளே இழுக்க விடவில்லை. அப்பனே என்று வாய் திறந்தேன், வாய் நிறையத் தீர்த்தம். நாலு சொட்டுக்குக் கைநீட்டினவளுக்கு இதை எங்கே வைப்பது? கையில் வாங்க முடியாது, பாத்திரம் போதாது. நானே பாத்திரமாக நின்றேன், நிறைந்தேன், வழிந்தேன், இன்னும் ஊற்றினான். எதையெதையோ கேட்கவேண்டும் என்று வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் நினைவில் இல்லை. அழுதேன். அழுகை எது அருவி எது என்று பிரிக்க அங்கே யாருக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அவளும் கத்திக்கொண்டிருந்தாள், சிவசிவா என்றோ அம்மா என்றோ. அவள் பிடித்தாளா நான் பிடித்தேனா? ஊர், பேர், சாதி, வயது எல்லாவற்றையும் அடித்துக் கழுவிவிட்டு, நனைந்த உடம்புகளை மட்டும் நிறுத்தி வைத்திருந்தான். ஆச்சி கண்ணை மூடி, கைகூப்பி, பாறையில் முதுகைக் கொடுத்து நின்றாள். நரைமுடி அவிழ்ந்து தண்ணீரோடு தண்ணீராக ஓடிற்று. அவளை நான் அப்படி அழகாக எப்போதும் பார்த்ததில்லை.

போலீஸ்காரரின் விசில்தான் எங்களை வெளியே கொண்டுவந்தது.

ஈரம் சொட்டாமல் முடியைப் பிழிந்து கட்டிக்கொண்டு சித்திர சபைக்குப் போனோம். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்துக்கு எதிரே தனியாக நிற்கிறது. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், ஆலங்காட்டில் ரத்தினம். ஐந்தாவதாக இங்கே சித்திரம். மற்ற சபைகளில் திருமேனியாக ஆடுகிறவன் இந்தச் சுவரில் வண்ணமாக ஆடுகிறான். இப்போதுதான் தண்ணீராக என் தலையில் ஆடிவிட்டுப் போனவன், ஒரு சொட்டு ஈரமும் ஆகாத சுவரில் கால்தூக்கி நின்றான். உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரென்று அண்ணாச்சி நினைத்து டீ வாங்கி வந்தார். நான் மறுத்துச் சொல்லவில்லை. இந்த மலையைத் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் பாடிவிட்டார், ரசிகமணி டி.கே.சி. இங்கேயே வாழ்ந்து ரசித்துத் தீர்த்துவிட்டார், டீக் கிளாசைப் பிடித்துக்கொண்டு நான் அண்ணாச்சிக்கு என்ன விளக்குவது?

ஆச்சி டீயை ஊதிக் குடித்தாள். "ஏ தம்பி, வண்டிய ஐந்தருவிக்கு விடு."

"ஆச்சி, இப்பத்தான குளிச்சீங்க?"

"நமசிவாயத்துக்கு எத்தன எழுத்து?"

"அஞ்சு."

"அருவி?"

அண்ணாச்சி சாவியை எடுத்துவிட்டார். ஐந்தருவியில் ஆண்களுக்குச் சில கிளை, பெண்களுக்குச் சில கிளை என்று பிரித்திருக்கிறார்கள். நம் பங்குக்கு எந்த எழுத்து வரும் என்று போகிற வழியெல்லாம் ஆச்சிக்கும் எனக்கும் வாக்குவாதம். நகரம் எனக்கு வேண்டும் என்றேன். அதெல்லாம் மூத்தவளுக்கு என்றாள்.