பூச்சூடிய துப்பாக்கி

மகாநவமியன்று பெங்களூரின் காவல் நிலையங்களிலும் ஆயுதப்படை வளாகங்களிலும் துப்பாக்கிகள் துடைக்கப்பட்டு, மஞ்சளும் குங்குமமும் இடப்பட்டு, மாலை சூட்டி வழிபடப்படும்போது, கொல்லும் கருவியைத் தொழுவது கொலையையே புனிதமாக்குவதாகாதா என்னும் வினா எழுகிறது. அதற்கான விடை மந்திரத்தைவிட, அதற்கு முன் நிகழும் துடைத்தலில்தான் தெளிவாகக் கிடைக்கிறது.

கைத்துப்பாக்கியைத் துடைப்பவர் முதலில் தோட்டாக்கள் அடுக்கப்பட்ட கூடாகிய மேகசினைக் கழற்ற வேண்டும். கழற்றிய பின்னும், குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் இடமாகிய வெடியறையில் ஒன்று எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், மேற்பகுதியாகிய ஸ்லைடைப் பின்னிழுத்து, அவ்வறையைக் கண்ணால் நோக்கி, விரலாலும் தடவிப் பார்த்து, தோட்டாக்களை அப்பால் அகற்றிய பிறகே கருவியைப் பிரிக்க வேண்டும். சற்று முன் தாமே சோதித்ததாயினும், மீண்டும் கையிலெடுக்கும்போது அது நிரம்பியதெனவே கொண்டு, குழல்வாயை எவர்மீதும் திருப்பாதிருத்தல் விதி. தம் நினைவையே நம்ப மறுக்கும் இந்தப் பணிவு, எந்த நோன்பும் கற்பிக்க விரும்பும் அடக்கத்திற்குக் குறைந்ததன்று. குழலில் படிந்த கரியையும் உலோகத் துகளையும் கரைப்பான் தோய்ந்த தூரிகையால் நீக்கி, எண்ணெயை மெல்லிய படலமாக மட்டும் பூசுவதே எஞ்சிய பணி. எண்ணெய் மிகுந்தால் தூசி ஒட்டி இயக்கம் கெடும்.

ஆனால் இவ்வாறு பேணப்பட்ட படைக்கலத்தைத் தமிழ் மரபு எப்போதும் போற்றியதென்று சொல்ல முடியாது. தொல்காப்பியம் வாளைப் போற்றும் வாள்மங்கலம் என்றொரு துறையைச் சுட்டினாலும், புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார், அரசன் தொண்டைமானுடைய படைக்கலங்கள் நெய் பூசி, மயிற்பீலி அணிந்து காவல்மனையில் கிடப்பதையும், தம் புரவலன் அதியமானுடையவை போரில் சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடப்பதையும் எதிரெதிரே நிறுத்துகிறார். புகழ்வதுபோல் இகழும் அப்பாட்டின் அழகு மறுக்கவியலாதது. எனினும் ஒரு நகரத்தின் காவல் நிலையத்தைப் பொறுத்தவரை, தொண்டைமானின் மங்காத காவல்மனையே விரும்பத்தக்கது, ஏனெனில் அங்கே பளபளப்பு எவரும் சுடப்படாததன் அடையாளமாகலாம்.

கர்நாடகத்தின் குடகில், கொல்லும் கருவியைத் தொழுவது பற்றிய அவ்வினா இன்னும் நுட்பமாகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ்க் அங்குள்ள குடவர்க்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலம் உடையார்க்கும் அளிக்கப்பட்ட துப்பாக்கி உரிமவிலக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021இல் ஏற்றுக்கொண்டது. அம்மக்கள் செப்டம்பரில், நாற்று நடவு முடிந்தபின் கொண்டாடும் கைல்போத் விழாவில், வேளாண் பருவம் முழுவதும் பூசையறையில் ஒதுக்கி வைத்த துப்பாக்கிகளைத் தூய்மை செய்து, தோக்குப்பூ எனப்படும் செங்காந்தளைக் குழல்வாயில் செருகித் தொழுவர். அப்பூ இருக்கும்வரை அக்கருவி சுடுவதற்கு உரியதன்று. வழிபாடு ஆயுதத்தின் ஆற்றலை வளர்க்காமல் சிறிது பொழுதேனும் அதை நிறுத்தி வைக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. பின்னர்த் தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி நடைபெறும். குழலில் அடைபட்டிருக்கும் சிறு பொருளும் அழுத்தத்தால் குழலையே பிளக்கக்கூடும் என்பதால், பூவை எடுத்து, குழலினுள் எதுவும் தங்கவில்லை என்று பார்த்த பிறகே தோட்டா இடப்பட வேண்டும்.